நொமுகி கணவாயும் அஞ்செட்டிக் காட்டுப் பாதையும்

ஜப்பானின் நடுவே, கடல்மட்டத்திலிருந்து 759 மீட்டர் உயரத்தில் சுவா என்றொரு ஏரி இருக்கிறது. அதன் கரையிலுள்ள ஊர்கள் முதலில் பட்டு நூல் எடுத்தன. பட்டு விழுந்த காலத்தில் கைக்கடிகாரம் செய்யக் கற்றுக்கொண்டன. அதற்குப் பிறகு மின்னணுப் பொருட்கள். சந்தைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான செய்கோ அஸ்ட்ரான் 1969 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கியவர்கள் இந்த ஏரிக்கரைத் தொழிற்சாலையின் ஆட்கள். நம் தெரு ஜெராக்ஸ் கடையில் இருக்கும் எப்சன் பிரிண்டரின் தாய்வீடும் அதே ஏரிக்கரைதான்.

ஓசூர் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கேயும் முதலில் பட்டுக்கூடு. 1980களில் கைக்கடிகாரம். இப்போது ஐஃபோனின் மேல்கூடும் மின்சார ஸ்கூட்டரும். வரிசை அப்படியே இருக்கிறது. இதைக் கவனித்த நாளிலிருந்து சுவாவைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

எனக்கு ஊர் அஞ்செட்டி. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போய், அங்கிருந்து காட்டுக்குள் வளைந்து இறங்கும் பாதையில் வரவேண்டும். அதே ரோட்டில் இன்னும் போனால் நாட்றாம்பாளையம், ஒகேனக்கல். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்கும். ராகி விளையும். ராகி முற்றும் பருவத்தில் யானை வரும். பரணில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் காவல் காப்பார்கள். காலையில் அதே பரண்காரர் வீட்டுப் பெண் கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்பாள். இந்த இரண்டும் ஒரே வீட்டில் நடப்பதுதான் எங்கள் பகுதியின் இன்றைய பொருளாதாரம்.

வளரும் நாடு வெளிநாட்டிடமிருந்து என்ன கற்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால் நம் மேடைகளில் பதில் தயாராக இருக்கும். சிலிக்கான் பள்ளத்தாக்கு, இஸ்ரேல், கொரியா. ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான், கொரியாவும் இஸ்ரேலும் 5 சதவீதத்தை ஒட்டியோ தாண்டியோ செலவிடுகின்றன என்று ஒரு ஸ்லைடு போடுவார்கள். அந்தக் கணக்கு உண்மைதான், வெட்கப்பட வேண்டியதும்தான். ஆனால் எனக்கு அதற்கு முந்தைய ஒரு கேள்வி இருக்கிறது. கற்றுக்கொள்வது என்பது எந்த மாதிரியான செயல்? திருட்டா, வியாபாரமா, கடனா? கடன் என்றால் யாருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

திருட்டு என்ற பேச்சை முதலில் முடித்துவிடலாம். 1789ல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞன் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். நூற்பு இயந்திரம் தெரிந்த ஆட்கள் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று இங்கிலாந்தில் சட்டம் இருந்தது. அவன் காகிதம் எதையும் எடுத்துப் போகவில்லை, எல்லாம் தலைக்குள் இருந்தது. இன்று அவனை அமெரிக்கத் தொழிற்புரட்சியின் தந்தை என்கிறார்கள். இங்கிலாந்தில் அவனுக்கு வைத்த பெயர் துரோகி.

ஹாலந்து 1869ல் காப்புரிமைச் சட்டத்தையே தூக்கிப் போட்டது. 1912 வரை அங்கே காப்புரிமை கிடையாது. அந்த இடைவெளியில், 1891ல், பிலிப்ஸ் கம்பெனி பிறந்து மற்றவர்கள் கண்டுபிடித்த பல்பை நிம்மதியாகச் செய்து விற்றது. இதை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், எங்கள் பக்கம் ரோஜா. ஓசூர், தளி சுற்றுவட்டாரத்துப் பசுமைக்குடில்களில் காதலர் தினத்துக்காக வளரும் ரோஜா ரகங்கள் பலவற்றின் உரிமை ஐரோப்பாவில், அதிலும் பெரும்பாலும் ஹாலந்தில் இருக்கிறது. ராயல்டி கட்டாமல் அந்தப் பூவை முறைப்படி ஏற்றுமதி செய்ய முடியாது. ரகத்தை உருவாக்கியவன் உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்பவர்களின் தாத்தாக்கள் 43 வருஷம் கூலி கொடுக்காமல் இருந்தார்கள் என்பதும் பேரேட்டில் இருக்கட்டும்.

இன்னொரு கதை கடிகாரம் பற்றியது. 1876ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே வால்தம் கம்பெனி இயந்திரத்தால் கடிகாரப் பாகங்கள் செய்வதைக் காட்டியது. சுவிட்சர்லாந்திலிருந்து லாஞ்சின் கம்பெனியின் பொறியாளர் ழாக் தாவீத் போனார். பார்த்தார், அமெரிக்க ஆலைகளின் உள்விவரங்களைத் திரட்டினார், திரும்பி வந்து நீண்ட அறிக்கை எழுதினார். சுருக்கமாகச் சொன்னால் உளவு. அந்த அறிக்கை சுவிஸ் கடிகாரத் தொழிலை உலுக்கி நிமிர்த்தியது. 100 வருஷத்துக்கும் மேல் கழித்து, 1990களில், ஓசூரில் டைட்டனின் பொறியாளர்கள் மிக மெல்லிய, தண்ணீர் புகாத கைக்கடிகாரம் ஒன்றைச் செய்ய நினைத்து சுவிஸ்காரர்களிடம் உதவி கேட்டார்கள். அதெல்லாம் நடக்காது என்று பதில் வந்தது. நாலைந்து வருஷம் தாங்களே முட்டி மோதி 1.15 மில்லிமீட்டர் தடிமனில் உள் இயந்திரமும், மொத்தம் 3.5 மில்லிமீட்டரில் கடிகாரமும் செய்தார்கள். டைட்டன் எட்ஜ் என்ற பெயரில் 2002ல் கடைக்கு வந்தது.

ஆகவே, ஏறி வந்த ஒவ்வொருவனும் யாரோ ஒருவனுடைய ஏணியில்தான் ஏறியிருக்கிறான். மேலே நிற்பவனுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பணக்கடன் மட்டும்தான், அதையும் பேரம் பேசித்தான் கட்ட வேண்டும். தார்மீகக் கடன் என்று ஒன்று இருந்தால் அது வேறு பக்கம் இருக்கிறது.

*

அதற்குப் போகும் முன் சுவாவின் பாடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இது எனக்குப் பிடித்த பகுதி, எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது.

1872ல் ஜப்பான் அரசு தொமியோகா என்ற ஊரில் பிரெஞ்சு முறையில் ஒரு பட்டு ஆலை கட்டியது. பால் புருனா என்ற பிரெஞ்சுக்காரர் வந்தார். செங்கல் கட்டடம், இரும்பு இயந்திரம், நீராவி. வேலைக்குப் பெண்கள் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் சிவப்பாக ஏதோ குடிப்பதைப் பார்த்து அது மனித ரத்தம் என்று வதந்தி பரவியிருந்தது. திராட்சை மதுதான் அது. கடைசியில் ஆலையின் நிர்வாகி தன் சொந்த மகளை முதல் ஆளாகச் சேர்த்தார். அதன் பிறகு நாடெங்கிலுமிருந்து பழைய சாமுராய் வீட்டுப் பெண்கள் வந்தார்கள், கற்றார்கள், ஊருக்குத் திரும்பிப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

தொமியோகா பெரிய லாபம் காட்டவில்லை. 1893ல் அரசு அதை மிட்சுயி குழுமத்துக்கு விற்றுவிட்டது. கணக்குப் பிள்ளை பார்வையில் வெள்ளை யானை. ஆனால் இதற்குள் சுவாவில் வேறொன்று நடந்திருந்தது. இரும்பு இயந்திரம் வாங்கப் பணமில்லாத சின்ன முதலாளிகள் அதையே மரச்சட்டத்தில் செய்தார்கள். செம்புக் கொப்பரைக்குப் பதில் மண்பாண்டம். நீராவிக்குப் பதில் பல இடங்களில் நீர்ச்சக்கரம். பிரெஞ்சு முறையில் கொஞ்சம், இத்தாலிய முறையில் கொஞ்சம், மீதி உள்ளூர் தச்சன். விலை பல மடங்கு குறைந்தது. 1909 வாக்கில் சீனாவைத் தாண்டி உலகிலேயே அதிகமாகக் கச்சாப்பட்டு ஏற்றுமதி செய்யும் நாடாக ஜப்பான் ஆனது. அந்தப் பட்டுப் பணத்தில்தான் பிற இயந்திரங்கள் வந்தன.

நம் பக்கம் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் எச்.எம்.டி.யைச் சொல்வேன். 1961ல் சிட்டிசன் கம்பெனியின் ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்த அரசு நிறுவனம். எங்கள் தாத்தாக்களின் கல்யாணக் கடிகாரம். பின்னாளில் நஷ்டம், கேலி, 2016ல் மூட முடிவு. ஆனால் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984ல் டைட்டனைத் தொடங்கியபோது கடிகாரம் தெரிந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? கணிசமானவர்கள் எச்.எம்.டி.யிலிருந்து வந்தார்கள். தொமியோகா செய்த வேலையை இங்கே எச்.எம்.டி. செய்தது. நஷ்டத்தில் ஓடிய பள்ளிக்கூடம் என்று அதைச் சொல்லலாம். பள்ளிக்கூடத்திடம் லாபக் கணக்குக் கேட்கும் பழக்கம் நமக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை. தொமியோகா 1987ல் ஓய்ந்தது, 2014ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. டைட்டன் கடிகாரம் கடைக்கு வந்த ஆண்டும் 1987 என்பது வெறும் தற்செயல்தான், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

பட்டுக்கே வருவோம். ஜாம்ஷெட்ஜி டாட்டா 1893ல் ஜப்பான் போய்வந்தார். சில வருஷங்களில் பெங்களூரில் ஒரு பட்டுப் பண்ணை தொடங்கி, ஜப்பானிய நிபுணர்களை வரவழைத்துப் புழு வளர்ப்பு சொல்லிக்கொடுக்க வைத்தார். அது பெரிதாக வளரவில்லை. அதற்கு நூறு வருஷம் கழித்து 1991ல் ஜப்பானின் ஜைக்கா திட்டம் மைசூரில் மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. வெண்பட்டுக் கூடு கட்டும் இருசந்ததிப் புழு குளிர்நாட்டுப் புழு, தென்னிந்திய வெயிலில் பிழைக்காது என்பதுதான் அதுவரை பொதுவான நம்பிக்கை. ஜப்பானியரும் நம் விஞ்ஞானிகளும் சேர்ந்து சி.எஸ்.ஆர். கலப்பின வரிசைகளை உருவாக்கினார்கள். பட்டுப்புழுவில் முதல் தலைமுறைக் கலப்பின வீரியத்தைப் பயன்படுத்தலாம் என்று 1906ல் சொன்னவர் தொயாமா காமெதாரோ. அவர் அதற்கு முன் சில வருஷம் சயாமில் ஆலோசகராக இருந்தவர். அறிவு எந்த ஊருக்கெல்லாம் போய் எங்கெல்லாம் சாப்பிட்டுவிட்டு வருகிறது பாருங்கள்.

கெலமங்கலம் பக்கம் என் தாய்மாமா ஒருவர் புழு வளர்க்கிறார். ஜப்பான்காரர்கள் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் மாமா என்று ஒருமுறை கேட்டேன்.

"என்னத்த சொன்னான்? கையக் கழுவுன்னான். புழு இருக்கற ஊட்ல மனுசன் படுக்காதன்னான். அவ்ளோதான்."

கேட்க நகைச்சுவையாக இருக்கும், ஆனால் கிட்டத்தட்ட அதுதான் விஷயம். முன்பு வீட்டுக் கூடத்திலேயே புழுத் தட்டு இருக்கும், அங்கேயே சமையல், அங்கேயே தூக்கம். நோய் வந்தால் ஒரு பருவம் மொத்தமாகப் போகும். தனிப் புழு வளர்ப்பு மனை, கிருமிநீக்கம், இலை இலையாகப் பறிக்காமல் தண்டோடு வெட்டிப் போடுவது, இளம்புழுவைச் சாக்கி மையத்தில் வளர்த்து வாங்குவது. புழுவைவிட இந்தப் பழக்கங்கள்தான் பெரிய இறக்குமதி. ஆனால் மாமா அதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. வெயில் காலத்தில் மனையின் ஜன்னலுக்குச் சாக்குப் படுதா கட்டி நனைத்துவிடுகிறார். மார்கழிக் குளிரில் உள்ளே கரியடுப்பு. தகரக் கூரைக்கு மேல் தென்னங்கீற்று. இதெல்லாம் எந்தக் கையேட்டில் இருந்தது என்று கேட்டால், "கையேடு பாத்தா புழு வளக்கறது? புழு மூஞ்சப் பாரு" என்பார்.

சுவாவின் தச்சனும் என் மாமாவும் செய்தது ஒரே காரியம். சொல்லிக்கொடுத்ததைக் கழற்றிப் பார்த்துத் தன் ஊர் வெயிலுக்கும் தன் காசுக்கும் ஏற்றபடி மறுபடி பூட்டுவது. வெளிநாட்டுக் கண்டுபிடிப்பு முறைகளிடமிருந்து கற்றல் என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான். இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. கழற்றிப் பார்க்க உரிமை வேண்டும். மாமாவுக்கு அது உண்டு, ஏனென்றால் மனை அவருடையது, நஷ்டமும் அவருடையது.

*

இனி உறுத்தல்.

சுவா ஆலைகளின் வேலைக்காரர்கள் பெரும்பாலும் மலைநாட்டு ஏழைப் பெண்கள். 12, 13 வயதில் வந்தவர்கள் உண்டு. ஹிடா மலைப்பகுதியிலிருந்து வந்தவர்கள் நொமுகி என்ற கணவாயைக் கடக்க வேண்டும். 1672 மீட்டர் உயரம். பனிக்காலத்தின் கடைசியில் கூட்டமாக நடந்து போவார்கள், வருஷக் கடைசியில் கூலியோடு பனியில் திரும்புவார்கள். வழியில் விழுந்து செத்தவர்கள் உண்டு. 1909ல் நோயில் விழுந்த தங்கையை ஆலையிலிருந்து அண்ணன் முதுகில் சுமந்துகொண்டு வந்ததும், கணவாயின் உச்சியில் அவள் இறந்ததும் ஜப்பானில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆலைக்குள் காசநோய். கூலி முறை இன்னும் சாமர்த்தியமானது. மொத்தக் கூலித் தொகை இவ்வளவுதான் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுவார்கள். அதைப் பெண்களின் நூல் தரத்தை ஒருத்திக்கொருத்தி ஒப்பிட்டுப் பங்கு போடுவார்கள். ஒருத்தி நன்றாக நூற்றால் இன்னொருத்தியின் கூலி குறையும். ஒரு பெண் வேறு ஆலைக்குத் தாவாமல் இருக்க முதலாளிகள் சேர்ந்து பதிவேடு வைத்தார்கள். 1927ல் ஏரிக்கரையின் ஒக்காயா நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தோற்றார்கள்.

ஜப்பானின் வளர்ச்சியைப் பாடமாகச் சொல்லும் ஸ்லைடுகளில் நொமுகி கணவாய் இருக்காது. மரச்சட்ட இயந்திரம் மலிவாக இருந்தது உண்மை. அதைச் சுற்றியிருந்த கைகளும் மலிவாக இருந்தன. இரண்டில் எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இதைச் சொன்னவுடன் வரக்கூடிய எதிர்வாதம் எனக்குத் தெரியும். நானே வீட்டில் கேட்டு வளர்ந்ததுதான். கம்பெனி இல்லையென்றால் அந்தப் பெண்களுக்கு என்ன இருக்கிறது? அஞ்செட்டி மலைக் கிராமங்களில் பத்தாவது முடிக்கும் முன்பே கல்யாணப் பேச்சு வரும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணின் கல்யாணம் இரண்டு வருஷமாவது தள்ளிப்போகும். அவள் பேங்க் கணக்கில் அவள் பெயர் இருக்கும். இதைச் சின்ன விஷயம் என்று சொல்லுகிறவன் எங்கள் பக்கம் வந்து பார்த்ததில்லை என்று அர்த்தம். சுவாவிலும் இதே சிக்கல்தான். 1960களில் யமமோத்தோ ஷிகெமி என்ற எழுத்தாளர், கிழவிகளாகிவிட்ட முன்னாள் ஆலைப் பெண்கள் நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிப்போய்ப் பேசினார். அவர்களில் பலர் போனது நல்லதுதான் என்றார்கள். வீட்டில் கிடைக்காத அரிசிச் சோறு ஆலையில் கிடைத்தது என்றார்கள்.

அந்தப் பதிலை நான் நீண்ட நாள் யோசித்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தி பசியிலிருந்து தப்பித்ததற்கு நன்றி சொல்கிறாள் என்பதால், அவளை வைத்து எழுந்தவனின் கடன் தீர்ந்துவிடுமா? பெற்றவள் திருப்தியாக இருப்பது ஒன்று. கொடுத்தவன் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டானா என்பது இன்னொன்று. வீட்டில் களி மட்டும் தின்றவளுக்கு அரை வயிறு சோறு போட்டுவிட்டு, பார் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று சொல்வது ஒரு பழைய பண்ணையார் தந்திரம். பண்ணையார் போய் கார்ப்பரேட் வந்தாலும் வாக்கியம் மாறவில்லை.

என் சித்தப்பா மகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். டிப்ளமா முடித்தவள். ஓசூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தாள். பெயர் வேண்டாம். சின்ன உலோகத் துண்டை ஜிக்கில் வைத்து மெருகு பார்த்து எடுக்கும் வேலை. ஒரு துண்டுக்கு இத்தனை வினாடி என்று கணக்கு. துண்டு வழுக்கித் திரும்பிக்கொள்ளும், மறுபடி நேர்செய்ய வேண்டும், கணக்குத் தப்பும். அவள் பழைய ஹேர்கிளிப்பின் வளைந்த தகட்டை உடைத்து ஜிக்கின் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டினாள். துண்டு நின்றது. ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லை. பிறகு சூப்பர்வைசர் பார்த்தார், ஃபோட்டோ எடுத்தார், டூல்ரூமில் அதை ஒழுங்கான ஸ்டீலில் செய்து எல்லா ஜிக்கிலும் பொருத்தினார்கள். சுவரில் கைசன் போர்டு இருக்கிறது, ஜப்பானில் இருந்து வந்த சொல், ஊழியர்களின் யோசனைகளுக்கான பலகை. அதில் முன்-பின் படங்களோடு சூப்பர்வைசரின் பெயர் வந்தது. அவளுக்கு ஒரு ஸ்டீல் டிஃபன் பாக்ஸ்.

"டிஃபன் பாக்ஸ் நல்லாத்தான் இருக்குண்ணா" என்றாள். அவளுக்குக் கோபம்கூடப் பெரிதாக இல்லை. எனக்குத்தான்.

டொயோட்டா முறையில் இன்னொரு புகழ்பெற்ற விஷயம் உண்டு. லைனில் தவறு கண்டால் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். அதையும் நாம் இறக்குமதி செய்திருக்கிறோம். உங்க கம்பெனியில இருக்கா என்று கேட்டேன்.

"கயிறு இருக்குண்ணா. இழுத்தா யாரு இழுத்ததுன்னு கேப்பாங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் என்னால் எதுவும் எழுதிவிட முடியாது. கயிறு வந்திருக்கிறது, கயிற்றை இழுக்கிறவளின் பேச்சை நம்பும் பழக்கம் வரவில்லை. பலகை வந்திருக்கிறது, அதில் யார் பெயரை எழுதுவது என்ற நேர்மை வரவில்லை. ஜப்பானிலும் இது எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் நம்பத் தயாராக இல்லை, அது வேறு.

இதற்கு வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன்: தொழிலாளியை மதித்தால் கம்பெனிக்குத்தான் லாபம். ஆதாரமும் இருக்கிறது. டைட்டன் ஆரம்ப காலத்தில் அன்றைய தர்மபுரி மாவட்டத்தின் கிராமத்துப் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகளை எடுத்து, பயிற்சி கொடுத்து, வருஷக்கணக்கில் வைத்திருந்தது. எட்ஜ் போன்ற ஒன்றை மெல்லிய விரல்களின் பொறுமை இல்லாமல் பூட்ட முடியாது. டி.வி.எஸ். 1980களில் சுசுகியோடு சேர்ந்து பைக் செய்தது, 2001ல் பிரிந்தது. பிரிந்த கையோடு சொந்த வடிவமைப்பில் விக்டர் பைக்கைக் கொண்டுவந்தது, மறு வருஷம் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. கல்யாணம் நடந்துகொண்டிருந்தபோதே கற்றுவைத்திருந்தார்கள் என்று அர்த்தம். சுவிஸ் உதவியோடு 1959ல் கேரளத்தின் நெட்டூரில் தொடங்கிய என்.டி.டி.எஃப். தொழிற்பயிற்சியும் இப்படித்தான், வருஷக்கணக்கில் கையைப் பழக்கும் முறை. பதினோரு மாதக் காண்ட்ராக்டில் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் ஹேர்கிளிப் யோசனையும் பதினோரு மாதத்தில் வீட்டுக்குப் போய்விடும். அறிவு ஆளின் கையில் இருக்கிறது, ஆள் போனால் அதுவும் போகும். நல்ல வாதம்தான்.

ஆனாலும் இந்த வாதத்தின் மேல் முழு பாரத்தையும் வைக்க எனக்குப் பயம். நாளைக்கு அந்த ஜிக்கில் ஒரு ரோபோ கை வந்து நின்றால்? அப்போது என் தங்கையின் யோசனையால் கம்பெனிக்கு லாபம் இல்லை. லாபத்தை வைத்து மட்டும் மரியாதையைக் கேட்டிருந்தால் அன்றோடு மரியாதையும் முடிந்தது. அவளுக்குக் கொடுக்க வேண்டியதை, அவளால் இனி பயன் உண்டோ இல்லையோ, கொடுத்தாக வேண்டும். அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதை இன்னொருவன் பெயரில் எழுதியது தப்பு. உற்பத்தி கூடியதா குறைந்ததா என்பது இந்த வாக்கியத்தில் எங்குமே வரத் தேவையில்லை.

நாடுகளுக்கு இடையே காப்புரிமை, ராயல்டி என்று எவ்வளவு நுட்பமான சட்டம் வைத்திருக்கிறோம். ஹாலந்துக்காரனின் ரோஜாவுக்கு ஒவ்வொரு செடிக்கும் கணக்கு இருக்கிறது. ஒரே ஷெட்டுக்குள், ஜிக்கில் இருக்கும் பெண்ணுக்கும் போர்டில் பெயர் எழுதுகிறவருக்கும் நடுவே எந்தக் கணக்கும் கிடையாது. வெளியிலிருந்து வாங்கும்போது வக்கீல் வைக்கிறோம், உள்ளே எடுக்கும்போது டிஃபன் பாக்ஸ். இதில் கம்பெனிகளை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. கையால் வேலை செய்கிறவன் யோசிக்கிறான் என்பதையே ஏற்காத ஒரு பழக்கம் நம்மிடம் கம்பெனிகள் வருவதற்கு ரொம்ப முன்பே இருந்தது. அதற்குச் சாதி என்று பெயர். ஜெர்மனியில் பட்டறையில் பழகி மைஸ்டர் பட்டம் வாங்கியவனுக்குச் சமூகத்தில் ஓர் இடம் உண்டு. நாம் அந்தப் பாடத்திட்டத்தை இறக்குமதி செய்து ஐ.டி.ஐ.யில் போட்டுவிடலாம். கல்யாணச் சந்தையில் ஐ.டி.ஐ. ஃபிட்டருக்கு என்ன மதிப்பு என்று கேட்டுப் பாருங்கள். இறக்குமதி எங்கே நின்றுபோகிறது என்று தெரியும்.

போச்சம்பள்ளியில் ஓலா, 2020ல் வாங்கிய ஆம்ஸ்டர்டாம் கம்பெனியின் வடிவமைப்பிலிருந்து ஸ்கூட்டர் செய்ய ஆரம்பித்து, தொழிற்சாலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021ல் அறிவித்தது. ஓசூரில் ஏத்தர். தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸின் ஐஃபோன் கூடு, அங்கேயும் பெரும்பாலும் இளம்பெண்கள். அந்த வகையில் எங்கள் மாவட்டம் இன்று சுவாவின் 1900ஆம் ஆண்டில் இருக்கிறதா, 1969ஆம் ஆண்டில் இருக்கிறதா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பஸ்ஸில் ஏறும் பெண்களைப் பார்த்தால் ஒரு பதில் வரும். ஏத்தரின் இளம் பொறியாளர்களைப் பார்த்தால் வேறு பதில் வரும். இரண்டு பேரும் ஒரே கேன்டீனில் உட்காருவதில்லை.

தங்கையின் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை, சொல்வதும் வழக்கமில்லை. ராகி அறுவடைக்கு ஊரில் இருந்தாள். களத்துமேட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அந்தக் கிளிப்பை எனக்கு வரைந்து காட்டினாள். மூன்று கோணத்தில், அளவுகளோடு. இன்னும் கொஞ்சம் வளைவைக் குறைத்திருந்தால் இடது கைக்காரர்களுக்கும் சௌகரியமாக இருந்திருக்கும், ஸ்டீலில் செய்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை என்றாள். அடுத்து எங்கே வேலை தேடுவது என்று இரண்டு கம்பெனிகளின் பெயரைச் சொன்னாள். ஒன்றில் ஹாஸ்டல் உண்டு, ஒன்றில் பஸ் உண்டு.

அவள் இருந்த லைனில் அந்தத் தகட்டை அஞ்செட்டி என்றுதான் சொல்கிறார்களாம். "அஞ்செட்டி லூசா இருக்கு, டைட் பண்ணு" என்று. கூட வேலை பார்த்த தோழி ஃபோனில் சொல்லியிருக்கிறாள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் சிலர் ஒடிசா, ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள், கைசன் மாதிரி அதுவும் ஏதோ ஜப்பான் வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். இதைச் சொல்லிவிட்டு அவள் ரொம்ப நேரம் சிரித்தாள்.